கெட்டிலுக்குள் ஒரு சுண்ணாம்பு மலை

அம்மா முதன்முறை சாண்ட்லருக்கு வந்திறங்கிய மறுநாள் காலை. கை கழுவிக்கொண்டிருந்தவர் குழாயை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார். "ஏண்டா, இது உப்புத் தண்ணியாச்சே. இதுலயா சமைக்கிற?"

ஒரு சொட்டுகூட வாயில் வைத்துப் பார்க்கவில்லை. சோப்பு நுரைக்காமல் விரலிடுக்கில் திரிதிரியாக நின்றதை வைத்தே சொல்லிவிட்டார். கோவில்பட்டிப் பக்கம் போர்த் தண்ணியோடு நாற்பது வருஷம் மல்லுக்கட்டியவர். நானோ அந்த ஊருக்கு வந்து எட்டு மாதமாகியும் கெட்டிலின் அடியில் வெள்ளையாக இருந்ததைப் பூச்சு உரிகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கெட்டிலைத் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று வாங்கினேன். புதியதிலும் மூன்றே வாரத்தில் அதே வெள்ளை.

சாண்ட்லர் அரிசோனாவில் ஃபீனிக்ஸை ஒட்டிய ஊர். சோனோரன் பாலைவனத்தின் நடுவே இருக்கிறது. ஆண்டு முழுவதும் சேர்த்தாலும் மழை சுமார் 200 மில்லிமீட்டர்தான். இன்டெல் சில்லு ஆலைகளால் நம் ஆட்கள் நிறையப் பேர் குடியேறிய ஊரும்கூட. புதிதாக வருகிறவர்கள் முதல் மாதத்திலேயே கேட்கும் கேள்வி வெயிலைப் பற்றியது. இரண்டாவது, தண்ணீரைப் பற்றியது. அந்த இரண்டாவது கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை.

ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் போதும். கடின நீர் என்பது அழுக்குத் தண்ணீர் அல்ல, கல்லைக் கரைத்துச் சுமந்துகொண்டு வரும் தண்ணீர். எங்கே சூடு படுகிறதோ, எங்கே காய்கிறதோ, அங்கே அந்தக் கல்லை இறக்கிவைத்துவிடும். வீட்டில் எந்தப் பொருள் கெடும், எது கெடாது, எதற்குச் செலவு செய்யலாம் என்பதெல்லாம் இதிலிருந்தே வந்துவிடும்.

உப்பு என்கிறோமே, அது உப்பா?

நம் பேச்சில் தண்ணீர் இரண்டே வகை: நல்ல தண்ணி, உப்புத் தண்ணி. ஆனால் 'உப்புத் தண்ணி'க்குள் இரண்டு வேறு சங்கதிகள் ஒளிந்திருக்கின்றன. கடற்கரையோரக் கிணற்றில் கரிக்கிறதே, அது சோடியம் குளோரைடு, நாம் சமையலில் போடும் அதே உப்பு. அதைச் சவர் என்று தனியாகச் சொல்கிற ஊர்களும் உண்டு. உள்நாட்டுப் போர்வெல்களில் வருவது பெரும்பாலும் வேறு. அது கால்சியமும் மக்னீசியமும். வாயில் அவ்வளவாகக் கரிக்காது, ஒரு மந்தமான சுவை இருக்கும். சோப்பைத் தின்னும். பருப்பை வேகவிடாது. இதைத்தான் பள்ளிப் புத்தகம் கடின நீர் என்கிறது.

வேதியியலில் இரண்டுமே உப்புகள்தான், அதனால் அம்மா சொன்னது தப்பில்லை. ஆனால் இந்த ஒரு சொல் பின்னால் பெரிய குழப்பத்தைக் கொண்டுவரும். தண்ணீரை மென்மையாக்கும் இயந்திரத்தில் மூட்டை மூட்டையாக உப்பைக் கொட்டுவதைப் பார்த்ததும் அம்மா கேட்டது: "உப்புத் தண்ணியைச் சரிபண்ண உப்பையே போடுவாங்களாடா?" நியாயமான கேள்வி. பதிலுக்குக் கொஞ்சம் பொறுங்கள்.

மலை எப்படிக் குழாய்க்குள் வந்தது

மழைத்துளி விழும்போதே காற்றிலிருந்து கொஞ்சம் கரியமில வாயுவை எடுத்துக்கொள்கிறது. மண்ணுக்குள் இறங்கும்போது வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் வாயுவையும் சேர்த்துக்கொள்கிறது. இப்போது அது மிக மென்மையான ஓர் அமிலம், கிட்டத்தட்டக் காற்றுப்போன சோடா. இந்தத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லின்மேல் போனால் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். தண்ணீரில் கரையாத கால்சியம் கார்பனேட், கரையக்கூடிய கால்சியம் பைகார்பனேட்டாக மாறிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாது. கண்ணாடித் தம்ளரில் ஊற்றினால் பளிங்குபோல் இருக்கும்.

அரிசோனாவுக்கு வரும் கொலராடோ ஆறு கரைப்பதற்கென்றே அமைந்த நிலத்தின் வழியாக வருகிறது. ஒரு காலத்தில் கடலடியாக இருந்த வண்டல்கள், ஜிப்சம் கலந்த களிமண், சுண்ணாம்புப் பாறை. கிராண்ட் கேன்யன் போனவர்கள் பாதி உயரத்தில் செங்குத்தான சிவப்புச் சுவர் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். ரெட்வால் என்று பெயர், ஆனால் அந்தச் சிவப்பு மேலிருந்து வழிந்த இரும்புத் துருவின் பூச்சு. சுரண்டினால் உள்ளே சாம்பல் நிறச் சுண்ணாம்புக் கல். சுமார் 34 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகள் அவை. என் கெட்டிலில் படிந்ததில் அந்த ஓடுகளின் துணுக்கும் கொஞ்சம் இருக்கும் என்று நினைத்தால் சுரண்டும்போது ஏற்படும் எரிச்சல் சற்றுக் குறைகிறது.

அந்த ஆற்று நீர் ஹவாசு ஏரியிலிருந்து 540 கிலோமீட்டர் நீளக் கால்வாயில் பாலைவனத்தைக் கடந்து ஃபீனிக்ஸுக்கும் டூசானுக்கும் வருகிறது. மத்திய அரிசோனா திட்டம் என்ற இந்தக் கால்வாயை 1973-ல் வெட்டத் தொடங்கி 1993 வாக்கில் முடித்தார்கள். வழியில் தண்ணீரை 850 மீட்டருக்கும் மேல் பம்பு வைத்து ஏற்றுகிறார்கள். சாண்ட்லருக்கு இதுதவிர சால்ட், வெர்டே ஆறுகளின் தண்ணீரும் நிலத்தடி நீரும் உண்டு. சால்ட் என்ற பெயர் சும்மா வைத்ததல்ல. மேற்பகுதியில் உப்பு ஊற்றுகள் அந்த ஆற்றில் கலக்கின்றன.

பாலைவனம் செய்யும் இன்னொரு வேலை, ஆவியாக்குவது. கொலராடோ ஆற்றின் பாவெல், மீட் போன்ற பெரிய ஏரிகளில் வெயில் தண்ணீரைத்தான் குடிக்கிறது, கல்லைக் குடிப்பதில்லை. ரசம் சுண்டச் சுண்ட உப்புக் கூடுவதுபோல மிச்சத் தண்ணீர் அடர்த்தியாகிறது. கால்வாயில் வரும்போது லிட்டருக்கு ஏறத்தாழ 600 மில்லிகிராம் கரைந்த தாதுக்கள் இருக்கும்.

இந்த ஊர் மண்ணிலேயே அந்தக் கதையைப் பார்க்கலாம். மரம் நடக் குழி வெட்டினால் ஓரடி, இரண்டடியில் கடப்பாரை 'ணங்' என்று நிற்கும். அங்கே கலீச்சி என்பார்கள்; நம் ஊர்ச் சுக்கான் பாறையின் உறவு. மழைநீர் கீழே கொண்டுபோன சுண்ணாம்பு, தண்ணீர் காய்ந்ததும் அங்கேயே இறுகிப்போனது. கிராண்ட் கேன்யனின் கிளைப் பள்ளத்தாக்கில் ஹவாசு அருவியின் திண்டுகளும் அப்படித்தான் உருவாயின, நீலப்பச்சைத் தண்ணீர் இறக்கிவைத்த கல்லால். கெட்டிலில் நடப்பது அதன் சின்ன பதிப்பு.

சூடு பட்டால் திரும்பும்

சர்க்கரை சூடான தண்ணீரில் கூடுதலாகக் கரையும். கால்சியம் கார்பனேட் தலைகீழ். தண்ணீரைச் சூடாக்கினால் உள்ளிருக்கும் கரியமில வாயு வெளியேறுகிறது. கல்லைக் கரைத்து வைத்திருந்ததே அந்த வாயுதான். அது போனதும் பைகார்பனேட் மறுபடி கார்பனேட்டாகி, வெள்ளைப் படிவமாக இறங்குகிறது. கொதிக்க வைத்தால் இறங்கிவிடும் இந்தப் பகுதியைத் தற்காலிகக் கடினத்தன்மை என்று படித்திருப்போம். சல்பேட்டும் குளோரைடுமாக இருக்கும் பகுதி கொதித்தாலும் இறங்காது, அது நிரந்தரக் கடினத்தன்மை. கொலராடோ தண்ணீரில் இரண்டும் உண்டு. ஆகவே கொதிக்க வைத்து ஆறவைத்த தண்ணீர் கொஞ்சம் மென்மையாகுமே தவிர முழுக்க மாறிவிடாது.

எவ்வளவு கடினம்? அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம், கால்சியம் கார்பனேட் கணக்கில் லிட்டருக்கு 60 மில்லிகிராம் வரை மென்னீர், 180-ஐத் தாண்டினால் மிகக் கடின நீர் என்று பிரிக்கிறது. ஃபீனிக்ஸ் வட்டாரத் தண்ணீர் காலத்தையும் ஆற்றையும் பொறுத்து 180-லிருந்து 290 வரை ஆடும். இயந்திரம் விற்கிறவர்கள் இதையே 'கிரெயின்' கணக்கில் சொல்வார்கள். ஒரு கிரெயின் என்றால் லிட்டருக்கு 17.1 மில்லிகிராம். "உங்க தண்ணி பதினஞ்சு கிரெயின்" என்றால் பதறாமல் 17-ஆல் பெருக்கிப் பாருங்கள், 255 வரும். இந்தியத் தரநிர்ணயம் குடிநீரில் 200 வரை ஏற்கிறது, வேறு ஆதாரம் இல்லையென்றால் 600 வரை விடுகிறது. அமெரிக்க மைய அரசு இதற்கு வரம்பே வைக்கவில்லை, காரணம் இது உடம்புக்கு நஞ்சல்ல.

ஆனால் வீட்டுக்கு? நாலு பேர் குடும்பம் நாளுக்கு 800 லிட்டர் உள்ளே புழங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 250 மில்லிகிராம் என்றால் நாளுக்கு 200 கிராம், வருஷத்துக்கு 73 கிலோ. ஒரு ஆள் எடைக்குச் சுண்ணாம்பு குழாய் வழியாக வீட்டுக்குள் வந்து போகிறது. பெரும்பகுதி சாக்கடைக்குப் போய்விடும். தங்குவதுதான் தொந்தரவு.

அடுப்படி

பருப்பிலிருந்து தொடங்கலாம், நம் வீடுகளில் முதல் புகார் அங்கிருந்துதான் வரும். பயறு, கடலை இவற்றின் செல்களை ஒட்டவைத்திருப்பது பெக்டின் என்னும் பசை. வேகும்போது இந்தப் பசை இளகவேண்டும். தண்ணீரில் கால்சியம் இருந்தால் அது பசைக்குள் புகுந்து இழைகளை ஒன்றோடொன்று கட்டிப்போட்டுவிடும். தோல் நீக்கிய துவரம்பருப்பு குக்கரில் எப்படியோ குழைந்துவிடும், இரண்டு விசில் கூட ஆகும், அவ்வளவுதான். கொண்டைக்கடலையும் மொச்சையும்தான் கழுத்தறுக்கும். எட்டு விசில் விட்டும் நடுவில் கரகரக்கும்.

அம்மாவின் வைத்தியம் ஒரு சிட்டிகை ஆப்பசோடா. அது வேலை செய்யும், பெக்டின் காரத்தில் சீக்கிரம் இளகும். கொஞ்சம் கூடிப்போனால் சோப்பு வாடை வரும், சத்தும் குறையும். எனக்குப் பிடித்தது வேறு வழி: இரவு ஊறவைக்கும்போதே தண்ணீரில் ஒரு ஸ்பூன் உப்பு. உப்பிலுள்ள சோடியம் கடலைத் தோலின் பசைக்குள் இருக்கும் கால்சியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவையுங்கள். உப்புப் போட்டால் கடலை வேகாது என்று கேட்டே வளர்ந்தவன் நான், முதல்முறை நம்பிக்கையில்லாமல்தான் செய்தேன். பஞ்சாக வெந்தது. புளியைப் பற்றி வீட்டில் சொன்னது மட்டும் சத்தியம்: புளிப்பு பெக்டினை இறுக்கும், பருப்பு வெந்தபிறகே புளித்தண்ணீர்.

இந்த உப்பு சூட்சுமத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரும்.

டீயில் மேலே எண்ணெய்போல் ஒரு படலம் மிதக்கிறதா? அது டீத்தூளின் கலப்படமல்ல, கால்சியமும் பைகார்பனேட்டும் தேயிலைச் சாறோடு சேர்ந்து செய்யும் வேலை. பாலூற்றிக் கொதிக்க வைத்த டீயில் பெரிதாகத் தெரியாது, கடுந்தேநீரில் நன்றாகத் தெரியும். ஃபில்டர் காபியும் கொஞ்சம் சப்பென்று இறங்கும், ஏனென்றால் பைகார்பனேட் காபியின் இளம் புளிப்பை அமுக்கிவிடுகிறது.

இட்லிப் பானையின் உள்ளே தண்ணீர் நின்ற அளவுக்கு வெள்ளைக் கோடு விழும். ஊரில் பிழிந்த எலுமிச்சைத் தோலையோ துளிப் புளியையோ அந்தத் தண்ணீரில் போடுவார்களே, அந்த வழக்கம் அரிசோனாவிலும் அப்படியே செல்லும். கார்பனேட் எந்தப் புளிப்புக்கும் கரையும். கெட்டிலுக்கு: ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சிட்ரிக் அமிலம், அதாவது எலுமிச்சை உப்பு, கொதித்ததும் அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். சுரண்டவே வேண்டாம். பொங்கிவரும் சின்னக் குமிழ்கள், கல்லுக்குள் சிறைப்பட்டிருந்த கரியமில வாயு. ஷவர் முகப்புக்கு வினிகர் ஊற்றிய பிளாஸ்டிக் பையை ரப்பர் பேண்டால் கட்டித் தொங்கவிட்டுவிட்டுத் தூங்கப்போகலாம்.

இரண்டு எச்சரிக்கை. வினிகரையோ எலுமிச்சை உப்பையோ பிளீச்சோடு ஒருபோதும் கலக்காதீர்கள், குளோரின் வாயு வரும், நுரையீரலைப் பதம் பார்க்கும். அடுத்தது தரை: ஃபீனிக்ஸ் வீடுகளில் டிராவர்டைன் ஓடுகள் சகஜம். பளிங்கும் அதே இனம். இரண்டுமே கால்சியம் கார்பனேட்தான். ஷவரில் படிந்த கல்லைத் தின்னும் வினிகர் தரையில் பதித்த கல்லையும் தின்னும், எது நீங்கள் காசு கொடுத்து வாங்கியது என்று அதற்குத் தெரியாது.

சோப்பு, தலைமுடி, துண்டு

சோப்பு மூலக்கூறுக்கு ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறுமுனை தண்ணீரைப் பிடிக்கும். கடின நீரில் அந்தத் தண்ணீர்முனையைக் கால்சியம் கவ்விக்கொள்கிறது. இரண்டும் சேர்ந்து கரையாத பிசுக்காக, பால் திரிந்ததுபோல் திரிந்துவிடும். தண்ணீரிலுள்ள கால்சியம் முழுவதும் தீரும்வரை போடுகிற சோப்பெல்லாம் இப்படியே வீணாகும், அதற்குப் பிறகுதான் நுரை. தொட்டியைச் சுற்றிச் சாம்பல் வளையம், தோலில் இழுவை, உலர்ந்த துண்டு அப்பளம்போல் விறைப்பது எல்லாம் இதன் விளைவுகள். ஷாம்புவும் சலவைத்தூளும் சோப்பு அல்ல, செயற்கைச் சலவைப் பொருட்கள்; இவற்றைக் கால்சியம் அவ்வளவாகப் பாதிக்காது. குளியல் சோப்பை விட்டுவிட்டுத் திரவ பாடிவாஷுக்கு மாறினாலே பாதிப் புகார் தீர்ந்துவிடும்.

இங்கே சீயக்காய்க்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லவேண்டும். சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் நுரைப்பது சப்போனின். அது கால்சியத்தோடு சேர்ந்து சோப்பைப்போல் திரிவதில்லை. உப்புத் தண்ணீர் ஊர்களில் சீயக்காய் நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்பது என் ஊகம்.

'அரிசோனா தண்ணியில முடியெல்லாம் கொட்டுது' என்பதை வாட்ஸாப் குழுக்களில் வாரம் ஒருமுறை பார்க்கிறேன். முடி சொரசொரப்பாகும், பளபளப்புக் குறையும், அதுவரை சரி. வழுக்கைக்கு இந்தத் தண்ணீர்மேல் பழிபோட ஆதாரம் போதாது. தோலும் அப்படியே. எக்சிமா என்னும் தோல் அழற்சியுள்ள 336 குழந்தைகளை வைத்து பிரிட்டனில் நடந்து 2011-ல் வெளியான ஆய்வில், வீட்டில் மென்னீராக்கி வைத்ததால் கூடுதல் குணம் எதுவும் தெரியவில்லை. பாலைவனத்தில் தோல் வறள்வதற்குத் தண்ணீரைவிடக் காற்றே போதுமான காரணம். தேங்காயெண்ணெயை ஈரத்தோடு தடவுங்கள்.

கண்ணில் படாத இடங்கள்

வெந்நீர்த் தொட்டிதான் வீட்டிலேயே பெரிய கெட்டில். கராஜின் மூலையில் 150, 200 லிட்டர் கொள்ளளவில் நிற்கும், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எரிவாயுத் தொட்டியில் நெருப்பு அடியில் எரிகிறது, கல்லும் அடியிலேயே படிகிறது. நெருப்புக்கும் தண்ணீருக்கும் நடுவே கல் போர்வை. படிவத்துக்குக் கீழே மாட்டிய தண்ணீர் ஆவியாகி வெடித்து மேலே வரும்போது சோளப்பொரி பொரிவதுபோல் சத்தம் கேட்கும். கேட்டால் தொட்டியில் கல் நிறைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். நான் முதல்முறை வடித்தபோது தோட்டக்குழாய் வழியாக வந்தது அச்சு அசல் ரவை. ஒரு படி இருக்கும். நடுவில் அவல் அளவுத் தகடுகளும் வந்து குழாயை அடைத்துக்கொண்டன. வருஷத்துக்கு ஒருமுறை வடித்துவிடுங்கள், அல்லது ஆளை வைத்துச் செய்யுங்கள். வெப்ப அளவை 49 டிகிரி செல்சியஸில் வையுங்கள். சூடு கூடக்கூடப் படிவும் கூடும்.

கூரையில் ஈரப்பாய் வைத்த ஏர் கூலர் பாலைவனத்துக்கென்றே உள்ள பொருள். 1930-களில் இந்த வட்டாரத்தில்தான் பரவலானது. தண்ணீரை ஆவியாக்கியே வேலை செய்வதால் கல் முழுவதும் பாயிலேயே நின்றுவிடும். ஒரு கோடை முடிந்தால் சுண்ணாம்படித்த வைக்கோல்போல் ஆகிவிடும். அடியிலுள்ள தண்ணீரை அவ்வப்போது வடித்து மாற்றினால் ஓரளவு தாங்கும். குளிர்காலத்தில் அறையின் ஈரப்பதத்தைக் கூட்ட வைக்கும் நீர்மூட்டக் கருவி கல்லைத் துளியோடு சேர்த்தே வீசுகிறது, அதுதான் மேசைமேல் படியும் மர்ம வெள்ளைத்தூள். அதற்கு மட்டும் காய்ச்சி வடித்த நீர் வாங்குங்கள்.

உப்பு மூட்டையின் ரகசியம்

இப்போது அம்மாவின் கேள்விக்கு. மென்னீராக்கித் தொட்டிக்குள் கடுகளவு ரெசின் மணிகள் நிறைந்திருக்கும். ஒவ்வொரு மணியும் சோடியத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. கடின நீர் உள்ளே வந்ததும் மணி சோடியத்தை விட்டுவிட்டுக் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், அதன்மேல் ஆசை அதிகம். மணிகளெல்லாம் கால்சியத்தால் நிறைந்துவிட்டால், இரவில் இயந்திரம் அடர்ந்த உப்புக்கரைசலை உள்ளே விடும். கூட்டத்தோடு வரும் சோடியம் கால்சியத்தை நெட்டித் தள்ளிவிட்டு மறுபடி இடம்பிடிக்கும். தள்ளப்பட்டதும் மிச்ச உப்பும் சாக்கடைக்கு. கொண்டைக்கடலை ஊறிய பாத்திரத்தில் நடந்ததும் இதுவேதான். கடலையும் ஒருவகையில் ரெசின் மணி. அம்மாவுக்கு இப்படிச் சொன்னதும் சட்டென்று புரிந்துவிட்டது.

குடிநீரில் சோடியம் ஏறுமே? ஏறும். 250 மில்லிகிராம் கடினத்தை மாற்றினால் லிட்டருக்குச் சுமார் 115 மில்லிகிராம் சோடியம் வரும். ஒரு டீஸ்பூன் உப்பில் 2,300 மில்லிகிராம். இருபது லிட்டர் குடித்தால்தான் அந்த அளவு. சாம்பாரில் போடுவதற்கு முன் இது ஒன்றுமில்லை. உப்பைக் கடுமையாகக் குறைக்கச் சொல்லி மருத்துவர் எழுதிக்கொடுத்தவர்கள் மட்டும் சமையலறைக் குளிர்நீர்க் குழாயைத் தனியே விடவேண்டும், அல்லது ஆர்.ஓ. வைக்கவேண்டும்.

நிறையப் பேர் ஏமாறும் இடம் டி.டி.எஸ். மீட்டர். அந்தப் பேனாக் கருவி எத்தனை கரைந்த பொருள் இருக்கிறது என்று தோராயமாகச் சொல்லும், எது என்று சொல்லாது. மென்னீராக்கி கால்சியத்தை எடுத்துவிட்டுச் சோடியத்தை வைப்பதால் மீட்டர் கிட்டத்தட்ட அதே எண்ணைக் காட்டும். 'இயந்திரம் வேலை செய்யவில்லை' என்று சண்டைக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். கடினத்தை அளக்கச் சோதனைக் காகிதம் தனியாக விற்கிறது. அதுவும் இல்லையென்றால் ஒரு பாட்டிலில் தண்ணீர், சோப்பைச் சீவிக் கரைத்த கரைசல் பத்துச் சொட்டு, மூடிக் குலுக்குங்கள். நுரை நின்றால் மென்னீர், கலங்கினால் கடினம். பாத்திரம் துலக்கும் திரவத்தில் செய்யாதீர்கள், அது எதிலும் நுரைக்கும்.

ஆர்.ஓ. வேறு வேலை செய்யும் கருவி. நுண்துளைச் சவ்வு வழியே தண்ணீரை அழுத்தி, சோடியம் கால்சியம் எல்லாவற்றையும் கழிக்கும். குடிக்கவும் காபிக்கும் மிக நல்லது. ஆனால் சாதாரண வீட்டு வகை ஒரு லிட்டர் கொடுக்க மூன்று, நாலு லிட்டரை, பழசாக இருந்தால் இன்னும் அதிகத்தை வீணாக விடும்.

என் பங்குக்கு நானும் ஏமாந்தேன். ஒரு சனிக்கிழமை கதவைத் தட்டிய விற்பனையாளர் இரண்டு தம்ளர் வைத்தார், ஒன்றில் குழாய்த் தண்ணீர், மற்றதில் அவர் கொண்டுவந்த தண்ணீர். இரண்டிலும் உலோகக் கம்பிகள் உள்ள கருவியை முக்கிச் சுவிட்சைப் போட்டார். ஒரே நிமிடத்தில் குழாய்த் தண்ணீர் செங்காவிச் சேறானது. "இதைத்தான் குழந்தைக்குக் கொடுக்கிறீர்களா?" என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டேன். இரவில்தான் உறைத்தது: அந்தச் சேறு தண்ணீரில் இருந்ததல்ல, மின்சாரம் பாய்ந்து கரைந்த இரும்புக் கம்பியின் துரு. தாதுக்கள் உள்ள தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும், ஆர்.ஓ. தண்ணீர் அவ்வளவாகக் கடத்தாது, இதுதான் வித்தை. வீடு தேடி வந்து விற்றதை மூன்று வேலை நாட்களுக்குள் ரத்து செய்ய இங்கே சட்டம் இருப்பதால் பணம் தப்பியது. ஊரில் சித்தப்பா வீட்டிலும் இதே கருவியைக் காட்டி ஆர்.ஓ. விற்றுவிட்டுப் போயிருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது.

காந்தம் வைத்துக் கட்டும் கருவிகளை நான் நம்புவதில்லை. உப்பில்லாக் கருவி என்று விற்பவை கால்சியத்தை எடுப்பதில்லை, ஒட்டாத நுண்படிகமாக மாற்றுவதாகச் சொல்கின்றன. படிவு குறையலாம், சோப்பு நுரைக்காது.

அந்த உப்பு எங்கே போகிறது

வடிகாலில் விட்ட உப்பு மாயமாகிவிடுவதில்லை. கழிவுநீர் நிலையம் அழுக்கை எடுக்கும், கரைந்த உப்பை எடுக்காது. தண்ணீரை மறுபடி மறுபடி புழங்கும் பாலைவனத்தில் இது சங்கடம். ஃபீனிக்ஸ் வட்டாரத்தின் சுத்திகரித்த கழிவுநீர்தான் பாலோ வெர்டே அணுமின் நிலையத்தைக் குளிர்விக்கிறது; பக்கத்தில் ஆறோ கடலோ இல்லாத பெரிய அணுமின் நிலையம் அது. வட்டாரத்தின் வீடுகள் விடும் உப்பில் ஒரு பகுதி அங்கே ஆவியாக்கும் குளத்தில் போய் முடிகிறது. கலிபோர்னியாவின் சான்டா கிளாரிட்டாவில் ஆற்றில் குளோரைடு ஏறியதால் 2008-ல் வாக்கெடுப்பு வைத்து, வீட்டு உப்பு இயந்திரங்களையே விலக்கிவிட்டார்கள்.

அதனால் என் வீட்டு ஏற்பாடு இது. இந்த ஊர்ப் புதுவீடுகளில் கராஜிலேயே மென்னீராக்கிக்கென்று குழாய் வளையம் விட்டுக் கட்டியிருப்பார்கள். அதில் ஒரு சின்ன இயந்திரம் போட்டிருக்கிறேன், நாள் கணக்கில் அல்ல, புழங்கிய தண்ணீரின் அளவைப் பார்த்து உப்பு கேட்கும் வகை. பழைய கடிகார வகை நாம் ஊரில் இல்லாதபோதும் உப்பைக் கொட்டும். குடிக்க, சமையலறைக் கழுவுதொட்டிக்கு அடியில் ஆர்.ஓ. வாடகை வீட்டிலிருக்கும்போது இரண்டுமே இல்லாமல் எலுமிச்சை உப்பும் பாடிவாஷும் வைத்து மூன்று வருஷம் ஓட்டினேன், ஒன்றும் குறைந்துபோகவில்லை.

குடித்தால் சிறுநீரகக் கல் வருமா என்று கேட்பார்கள். கெட்டிலில் கல் படிவதைப் பார்த்து வரும் பயம் அது. உடம்புக்குள் யாரும் தண்ணீரைக் கொதிக்க வைப்பதில்லை. பாலைவனத்தில் கல் வருவதற்குப் பெரிய காரணம் போதுமான தண்ணீர் குடிக்காதது. கடினமோ மென்மையோ, முதலில் குடியுங்கள்.

கறிவேப்பிலைச் செடி ஒன்று மிச்சம். மென்னீராக்கி வந்த புதிதில் அந்தத் தண்ணீரையே தொட்டிச் செடிக்கு ஊற்றினேன், சோடியம் ஏறி இலை நுனி கருகியது. தோட்டக் குழாய்க்கு மாற்றினேன். அது கடின நீர், சுண்ணாம்பு ஏறி இளம் இலைகள் மஞ்சளாயின. "மழை பெய்யுமில்ல, அண்டாவைத் தூக்கி வெளிய வையேன்" என்று அம்மா தொலைபேசியில் சொன்னார். ஜூலை கடைசியில் ஒரு மாலை புழுதிப்புயல் அடித்து ஓய்ந்ததும் அரைமணி நேரம் கொட்டியது. பாதி அண்டா சேர்ந்தது. செடிக்கு ஊற்றும் முன் ஒரு கிண்ணம் எடுத்து, பழைய பாத்திரத்தில் முழுவதும் வற்றும்வரை கொதிக்கவிட்டுப் பார்த்தேன். அடியில் கொஞ்சம் செம்புழுதி. வெள்ளை இல்லை.